முன்கண்ணாடி பார்க்கப் போன நாலாவது ஆள்

எங்கள் ஊரில் காற்று முகத்தைத் தேய்த்துவிடும். மேற்கே மலை இரண்டாகப் பிளந்த இடத்தில் கணவாய் இருக்கிறது. ஆனி மாதம் அதன் வழியாகக் கிளம்பும் காற்று, ஆடி முழுக்க ஊருக்குள் தங்கி வேலை செய்யும். முதலில் புருவம் போகும். பிறகு மூக்கு. கடைசியாக உதடு. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்று மற்ற ஊர்க்காரர்கள் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்கள். எங்கள் ஊரில் அம்மி வைத்த இடத்திலேயே இருக்கும்.

நடந்து போகிறவர்களுக்குச் சேதம் குறைவு. துண்டால் மறைத்துக்கொள்ளலாம். பஸ்ஸும் லாரியும் ஆட்டோவும் பிறக்கும்போதே முன்கண்ணாடியோடு பிறந்துவிடுகின்றன. பைக்கில் போகிறவர்கள் ஏதாவது ஒரு லாரியின் முதுகில் ஒட்டிக்கொண்டே கணவாயைக் கடப்பார்கள். என் வண்டிதான் எந்தச் சாதியிலும் சேராதது. எனக்கு இடது கால் சிறுவயதிலிருந்தே ஊன்றாது. அதனால் ஒரு பழைய பைக்கின் பின்சக்கரத்தைக் கழற்றி, அச்சு மாட்டி, இரண்டு சக்கரமாகப் பட்டறையில் வைத்துக் கொடுத்தார்கள். கூரை இல்லை, கதவு இல்லை, முன்னால் ஒன்றுமே இல்லை. லாரியோடு ஒட்டிப் போகிற வேகமும் அதற்குக் கிடையாது. கணவாய்க்கு அந்தப் பக்கம் இருக்கும் பண்ணைக்கு எதிர்காற்றில் போய், முட்டை ஏற்றிவந்து கடைகளுக்குப் போடுவது என் தொழில். முட்டைகளைக் காற்று ஒன்றும் செய்வதில்லை. அவற்றுக்குத் தேய என்ன இருக்கிறது.

போன ஆடியில் எனக்கு இரண்டு புருவமும் போயிற்று. முழுக்கத் தேய்ந்தவர்களும் எங்கள் ஊரில் இருக்கிறார்கள். அவர்களை யாரும் ஒரு குறையும் சொல்வதில்லை. டீக்கடையில் கேட்டால் டீ கொடுப்பார்கள். ஆனால் யாரும் கூப்பிடுவதில்லை. யாரென்று கூப்பிடுவது?

என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிடுகிறவள் ஆவுடையக்கா ஒருத்திதான். என் கூடப் பிறந்தவள். அவள் வீட்டில்தான் இருக்கிறேன். ஒருநாள் வழக்கமான நீலச் சட்டை காயவில்லை என்று வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வேலைக்குப் போனேன். திரும்பி வந்தபோது அக்கா வாசலில் நின்று, “யாரு வேணும்?” என்றாள். அதற்குப் பிறகு அவளே எனக்கு நீலத் துணியாக எடுத்துத் தைத்தாள். இந்த ஆடியும் முன்கண்ணாடி இல்லாமல் கழிந்தால் நீலச் சட்டையும் உதவாது என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். எனக்கு அது ஒன்றுதான் பயம். ஊரே மறக்கட்டும், அக்கா கூப்பிட வேண்டும்.

முன்கண்ணாடி கடையில் கிடைக்கிற சாமான் அல்ல. அது வீடுகளில் வளர்வது. தரகர் மூலம் விசாரித்து, நாள் பார்த்து, பூ பழத்தோடு போய்ப் பார்த்து, கண்ணாடிக்கும் சம்மதம் என்றால் பேசி முடிக்க வேண்டும். ஆடியில் யாரும் நல்ல காரியம் பேசமாட்டார்கள். காற்று அடிப்பது ஆடியில். ஆகவே ஆனி முடிவதற்குள் கண்ணாடி வந்தாக வேண்டும்.

அக்காவுக்கு இதெல்லாம் கை வந்த வேலை. இதற்கு முன் சில வருஷங்கள் எனக்குப் பெண் பார்த்து அலைந்தவள். எடுத்துப் போகிற தாம்பாளம்கூட அதே தாம்பாளம்தான்.

தரகர் மந்திரமூர்த்தி கழுத்தில் அளவு நாடாவைப் போட்டுக்கொண்டு வந்தார். என்னை வண்டியில் உட்கார வைத்து, முன்னால் நின்று, ஒரு கண்ணை மூடிப் பார்த்தார்.

“கண்ணாடியோட உச்சி ஒங்க மூக்கு நுனிக்கு வரணும் கேட்டியளா. அதுக்கு மேல வளந்துட்டுன்னா காலம் பூரா அது வழியாத்தான் பாக்கணும். அது காட்டுததுதான் ரோடு. அதுக்குக் கீழன்னா கட்டியும் புண்ணியமில்ல.”

“அகலம்?” என்று அத்தான் கேட்டார். அத்தான் கொம்பையா எதையும் ஒரு சொல்லில் கேட்கிறவர்.

“மூணு சக்கரமில்லா? ரெண்டு கையையும் சேத்து மறைக்கணும். பாப்போம். குடுப்பினை இருந்தா அமையும்.”

முதல் வீட்டுக்குக் கிளம்பினோம். நான் ஓட்ட, அக்காவும் அத்தானும் முட்டைத் தட்டு வைக்கிற பலகையில் உட்கார்ந்தார்கள். தரகர் தனியாக நேரே அங்கே வந்துவிடுவார், அவர் எங்கள் கணக்கில் சேரமாட்டார். கால்வாய்ப் பாலத்துக்கு வந்தபோது அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னாள். நல்ல காரியத்துக்கு மூன்று பேராகப் போகக் கூடாது. நாலாவது ஆளுக்கு ஒரு கல்லை எடுத்துக்கொள்ள வேண்டும் என்பது எங்கள் பக்கத்து வழக்கம். அத்தான் இறங்கிப் பாலத்தடியில் தேடி ஒரு கறுத்த கல்லை எடுத்தார். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தார்.

“இது போதும்” என்று என் சட்டைப் பையில் போட்டார்.

காரியம் முடிந்ததும் நாலாவதை எடுத்த இடத்திலேயே போட்டுவிட வேண்டும். அதுவும் வழக்கம்தான்.

முதல் வீட்டுக் கண்ணாடி பஸ் வம்சம். வீட்டுக்காரர் பழைய பஸ் முதலாளி. உள்ளேயிருந்து நாலு பேர் பிடித்துக்கொண்டு அதை நடத்தி வந்தார்கள். நல்ல வளர்த்தி, நல்ல நிறம், பெரிய இடத்துக்கே உரிய அமைதி. தரகர் எட்டிப் பார்த்தும் அதன் உச்சி தெரியவில்லை. எங்கள் நாலு பேருக்கும் அல்வாவும் மிக்சரும் வைத்தார்கள். கல்லின் தட்டையும் முறைப்படி அதன் முன்னால் வைத்தார்கள்.

“வண்டிக்கு எத்தனை சக்கரம்?” என்றார் வீட்டுக்காரர்.

அத்தான், “மூணு” என்றார்.

“மூணா?”

அக்கா அவசரமாக, “வீட்டுலருந்து வரும்போது கல்லு எடுத்துக்கிட்டுத்தான் வந்திருக்கோம் அண்ணாச்சி” என்றாள்.

“ஆளுக்குக் கல்லு வைக்கலாம். சக்கரத்துக்கு வைக்க முடியுமா தாயி?” என்றார் அவர். கோபமாகச் சொல்லவில்லை. பஸ் வம்சத்துக்கு ஆறு சக்கரத்துக்குக் கீழே பழக்கமில்லை. மீதி அல்வாவைப் பொட்டலம் கட்டிக் கொடுத்து அனுப்பினார்கள்.

காரியம் முடியவில்லை என்பதால் கல்லைப் போட முடியவில்லை. அது என் பையிலேயே இருந்தது. மறுநாள் பண்ணைக்குப் போனபோதும் இருந்தது. அதற்கடுத்த நாளும் இருந்தது. ஆனிக் காற்று பிடித்துவிட்டது. கணவாய்க்குள் நுழைந்ததும் மூக்கின் மேல் யாரோ உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போல் இருக்கும். பண்ணைக்காரர் முட்டை எண்ணிக் கொடுக்கும்போது, “புதுசா வந்திருக்கீரா? நயினாரு வரலையா?” என்று கேட்டார். நான்தான் நயினார் என்றேன். அவர் என் சட்டையைப் பார்த்துவிட்டு, சரி என்றார்.

இரண்டாவது வீட்டுக் கண்ணாடி குட்டையானது, புகை நிறம். ஒரு ஓரத்தில் மயிரிழை அளவுக்குக் கீறல் இருந்தது. அதன் மேல் ஒரு பூ ஸ்டிக்கர் ஒட்டியிருந்தார்கள். தரகர் அளந்து பார்த்தார். என் நெஞ்சுக்குத்தான் வந்தது.

“மூக்குக்கு வரணும்னீய?” என்றார் அத்தான்.

“அண்ணாச்சி, ஆனி முடியப் போவுது. அளவு பாத்துக்கிட்டு இருந்தா ஆளு மிஞ்ச மாட்டாரு” என்றார் தரகர்.

எனக்குச் சம்மதம்தான். நெஞ்சாவது மிஞ்சுமே என்று நினைத்தேன். கீறலைப் பற்றியும் நான் கேட்கவில்லை. என் காலைப் பற்றி அவர்களும் கேட்கவில்லை. இரண்டு பக்கமும் இப்படிப் பெருந்தன்மையாக இருந்தபோது, முறைப்படி என்னையும் கண்ணாடியையும் எதிரெதிரே கொஞ்ச நேரம் தனியாக விட்டார்கள். நான் அதில் பார்த்தேன். நீலச் சட்டை தெரிந்தது. காலர் தெரிந்தது. காலருக்கு மேலே பின்சுவரில் மாட்டியிருந்த காலண்டர் தெரிந்தது.

கண்ணாடி உள்ளே போயிற்று. அதன் அம்மா வெளியே வந்து அக்காவின் கையைப் பிடித்துக்கொண்டாள். “தப்பா நெனைக்காதீய. அங்க ஆரும் இருந்த மாதிரியே தெரியலேங்கா பிள்ளை” என்றாள்.

திரும்பி வரும் வழியில் எனக்கு அழுகை வந்தது. மறைக்க ஒன்றுமில்லை, நன்றாகவே அழுதேன். மூக்கின் மேடு இல்லாததால் கண்ணீர் ஒதுங்கி ஓடாமல் நேராக வாய்க்குள் இறங்கியது. என்னை வேண்டாம் என்று சொன்ன வீடுகள் ஏற்கெனவே நிறைய உண்டு. அவர்கள் என்னைப் பார்த்துவிட்டு வேண்டாம் என்றார்கள். இப்போது பார்ப்பதற்கே நான் இல்லை. பின்னால் உட்கார்ந்திருந்த அக்காவுக்கு என் அழுகை தெரிந்திருக்காது.

அன்று சாயங்காலம் சட்டையைத் துவைக்க எடுத்த அக்கா, பையிலிருந்த கல்லை வெளியே வைத்தாள். வைத்தவள் அப்படியே பார்த்துக்கொண்டு நின்றாள். கல்லில் ஒரு மூக்கு இருந்தது. நுனியில் லேசாக இடது பக்கம் வளைந்த மூக்கு. அது என்னுடையது. காற்று தேய்த்ததெல்லாம் பறந்து போய்விட்டது என்று நினைத்திருந்தேன். பக்கத்திலேயே பைக்குள் உதிர்ந்து கல்லில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. அந்நியர் கைக்குப் போகவில்லையே என்று எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகக்கூட இருந்தது.

அக்கா கல்லை ஜன்னலில் வைத்தாள். அதைப் பார்த்துக்கொண்டே, “நயினாரு, சாப்பிட வா” என்றாள். நான் போய்ச் சாப்பிட்டேன்.

அதன் பிறகு அப்படியே பழகிவிட்டது. என்னிடம் பேச வேண்டும் என்றால் அக்கா கல்லைப் பார்த்துப் பேசுவாள், நான் பதில் சொல்வேன். அவளுக்கும் அது சுலபம். தேய்ந்த இடத்தைப் பார்த்து யாரால் முகம் கொடுத்துப் பேச முடியும்? நான் தினமும் கல்லைப் பையில் போட்டுக்கொண்டு கணவாய்க்குப் போனேன். இமைகள் அதற்குப் போயின. கன்னத்து மச்சம் போயிற்று. ஆனியின் கடைசி வாரத்தில் உதடு போயிற்று. அக்கா வெள்ளிக்கிழமை எனக்கு எண்ணெய் எடுத்து வைக்கும்போது கல்லின் தலையிலும் ஒரு சொட்டு வைத்தாள். பிறகு அதன் தலையில் மட்டும் வைத்தாள்.

ஆனியின் கடைசி முகூர்த்தத்தன்று மூன்றாவது வீட்டுக்குப் போனோம். தாயம்மாள் என்பவரின் வீடு. அவரும் அவருடைய கண்ணாடியும் மட்டும்தான். பெரிய வம்சமில்லை. தாயம்மாள் அதைத் தன் சேலைத் தலைப்பால் துடைத்துக் கூடத்தில் நிறுத்தினார்.

எனக்கு அதைப் பிடித்திருந்தது. சொல்லப்போனால் ரொம்பவே பிடித்திருந்தது. தெளிவான கண்ணாடி. கீறலில்லை, சாயமில்லை. இரண்டு ஓரமும் கொஞ்சமாகப் பின்னால் வளைந்திருந்தன, வருகிற காற்றை இரண்டு பக்கமும் அனுப்பி வைக்கிற வளைவு. அதற்குப் பின்னால் உட்கார்ந்து கணவாயைக் கடப்பதை நினைத்துப் பார்த்தேன். காற்று ஒதுங்கிப் போகும். மிச்சமிருப்பது மிஞ்சும். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனாலும் அக்கா, “வா நயினாரு” என்பாள். வேறு எதையும் நான் கேட்கவில்லை.

தரகர் நாடாவைப் பிரித்தார். என்னை வண்டியில் உட்காரச் சொல்லி, நாடாவின் ஒரு முனையைக் கைப்பிடியில் வைத்து, மறுமுனையோடு என் முகத்துக்கு முன்னால் வந்து நின்றார். நாடா அங்கேயே நின்றது.

“மூக்கு எங்க இருக்கு?” என்றார்.

“சட்டைப் பையில” என்றார் அத்தான்.

அக்கா என் பையிலிருந்து கல்லை எடுத்தாள். தரகர் என்னைக் கொஞ்சம் எழுந்திருக்கச் சொன்னார். நான் எழுந்து ஓரமாக நின்றேன். அக்கா கல்லை வண்டி இருக்கையில் வைத்தாள். அது நன்றாகவே பொருந்தி உட்கார்ந்தது. தரகர் நாடாவை அதன் மூக்கு நுனிக்குக் கொண்டுபோனார். பிறகு அதே நாடாவைக் கண்ணாடியின் உச்சியில் வைத்தார். நூல் பிசகாமல் இருந்தது.

தாயம்மாள் குனிந்து பார்த்தார். “மாப்பிள்ளை மூக்கும் முழியுமா இருக்காரே” என்றார்.

“எங்க தம்பி சின்னதுலருந்தே அப்படித்தான்” என்றாள் அக்கா.

என்னைப் பற்றி யாரும் அப்படிச் சொன்னதில்லை. எந்தப் பெண் வீட்டிலும் சொன்னதில்லை. ஒரு நிமிஷம் எனக்கு ரொம்ப சந்தோஷமாக இருந்தது. பிறகுதான் அக்காவின் கை எதன் தலையைத் தடவிக்கொண்டிருக்கிறது என்று பார்த்தேன். அக்கா, நான் இங்கே நிற்கிறேன் என்று சொல்லப் போனேன். உதடு அதனிடம் இருந்தது.

“ஒண்ணு மட்டும் சொல்லீருதேன். நாளைக்குத் தரகன் மறச்சிட்டான்னு பேச்சு வரக்கூடாது. ஆளு கொஞ்சம் கனம். அதிகம் பேசமாட்டாரு” என்றார் மந்திரமூர்த்தி.

“இருக்கட்டும். கல்லானாலும் கணவன்னு சும்மாவா சொன்னாவ” என்றார் தாயம்மாள். உள்ளே போகிற பாவனையில் கண்ணாடிப் பக்கம் காதைக் கொடுத்துவிட்டுத் திரும்பினார். “பிள்ளைக்குச் சம்மதமாம். காத்துல நிலையா நிக்கிற ஆளுதான் வேணும்னு சொல்லிக்கிட்டு இருந்தா.”

பட்டறைக்காரர் வந்து அங்கேயே நாலு போல்ட் போட்டு, கண்ணாடியை வண்டியில் கட்டிக் கொடுத்தார். அக்கா குங்குமம் வைத்தாள். எல்லோருக்கும் கேசரி கொடுத்தார்கள். புறப்படும்போது தாயம்மாள், “மூணு பேராவா வந்தீய?” என்று கவலையோடு கேட்டார்.

“அதெப்படி? நாலாவதைக் கூட்டிக்கிட்டுத்தான் வந்தோம்” என்றாள் அக்கா. சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு என்னைக் காட்டினாள்.

திரும்பும்போது கல் ஓட்டியது. முதல் கியரில் வண்டி கொஞ்சம் இழுத்தது, என்னிடமும் அப்படித்தான் இழுக்கும். நான் பின்னால் அக்காவுக்கும் அத்தானுக்கும் நடுவே உட்கார்ந்திருந்தேன். முன்னால் காற்று கண்ணாடியில் மோதி, இரண்டு பக்கமும் பிரிந்து போவது தெரிந்தது. தரகர் சொன்ன அளவு சரியான அளவு.

கால்வாய்ப் பாலம் வந்ததும் அக்கா வண்டியை நிறுத்தச் சொன்னாள்.

“காரியம் நல்லபடியா முடிஞ்சிட்டு. நாலாவதை எடுத்த எடத்துல போட்டுரணும்” என்றாள்.

அத்தான் எனக்குக் கைகொடுத்து இறக்கிவிட்டார். பாலத்தடியில், வெயில் படாத இடமாகப் பார்த்து உட்கார வைத்தார். நீலச் சட்டையை மட்டும் கழற்றி வாங்கிக்கொண்டார். அக்கா ஒரு தடவை திரும்பிப் பார்ப்பாள் என்று நான் காத்திருந்தேன். அவள் முன்னால் சாய்ந்து, “பாத்துப் போ தம்பி” என்று சொன்னாள். வண்டி போயிற்று.

நான் அங்கேயே இருந்தேன். ஆடி பிறந்தது. ஆடியில் யாரும் நல்ல காரியத்துக்குக் கிளம்புவதில்லை என்பதால் பாலத்தடிக்கு ஒருவரும் வரவில்லை. காற்று மட்டும் தவறாமல் வந்தது. முகத்தை முடித்துவிட்டுத் தோளில் இறங்கியது. ஊன்றாத காலையும் ஊன்றுகிற காலையும் பேதம் பார்க்காமல் தேய்த்து ஒன்றாக்கியது. அந்த ஒரு விஷயத்தில் எனக்குக் குறையில்லை. மாதக் கடைசியில் எனக்கு மூலை என்று எதுவும் இல்லை. கால்வாய்த் தண்ணீர் என் மேல் ஏறி மறுபக்கம் இறங்கிப் போயிற்று.

ஆவணி முதல் முகூர்த்தத்தன்று காலையில் வண்டிச் சத்தம் கேட்டது. முதல் கியரில் இழுக்கிற சத்தம். ஆவுடையக்கா பாலத்தின் மேல் இறங்கினாள். பட்டுச்சேலை கட்டியிருந்தாள். அத்தானுக்கு மூட்டுவலியாம், வரவில்லை. அக்கா, தம்பி, கண்ணாடி என்று மூன்று பேராகப் புறப்பட்டிருக்கிறார்கள். எங்கள் ஊரில் ஐப்பசி மழை பெயரைக் கரைத்துவிடும். அதற்குள் திறந்த வண்டிக்கு ஒரு கூரை பார்த்து முடிக்க வேண்டும்.

அக்கா பாலத்தடியில் குனிந்து தேடினாள். ஒரு கல்லை எடுத்துப் போட்டாள். இன்னொன்றை எடுத்துப் போட்டாள். பிறகு என்னை எடுத்தாள். உள்ளங்கையில் வைத்து எடை பார்த்தாள். அவள் கை வழக்கம் போல் சூடாக இருந்தது.

“இது போதும்” என்றாள்.

என்னைக் கொண்டுபோய்த் தம்பியின் நீலச் சட்டைப் பையில் போட்டாள். வண்டி கணவாய்ப் பக்கம் திரும்பியது. பைக்குள் நான் மல்லாந்து கிடந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தேன். தம்பியின் முகத்திலிருந்து ஒரு இமை மயிராவது உதிர்ந்து என் மேல் விழும் என்று காத்திருந்தேன். கண்ணாடி நல்ல கண்ணாடி. எதுவும் விழவில்லை.